சின்ன ஜெட் வாங்கப் போகிறீர்களா? சீட்டைக் கடைசியில் பாருங்கள்

சொந்தமாக ஒரு சின்ன ஜெட் வாங்கலாம் என்று என்னிடம் வருபவர்கள் கைபேசியை நீட்டிக்கொண்டேதான் பேச்சைத் தொடங்குவார்கள். திரையில் ஒரு படம். கிரீம் நிறத் தோல் சீட், பளபளக்கும் மர மேசை, ஜன்னலுக்கு வெளியே மேகம். "எப்படி இருக்கு?" நன்றாகத்தான் இருக்கும். சீட்டுக்குப் புதுத் தோல் தைப்பதும் வெளியே பெயின்ட் அடிப்பதும் இந்த வியாபாரத்தில் சின்னச் செலவு. விற்க நினைப்பவர் முதலில் செய்வதும் அந்த இரண்டைத்தான்.

நான் விமானப் பராமரிப்புப் பொறியாளன். எங்கள் வட்டாரத்தில் ஏஎம்இ என்பார்கள். அப்பா பெங்களூருவில் விமானம் கட்டும் எச்ஏஎல்-லில் ஃபிட்டர். விமானபுரா பக்கம் வளர்ந்த பையன்களுக்குத் தலைக்கு மேலே போவது எந்த விமானம் என்று சத்தத்திலேயே தெரியும். இப்போது வாங்குபவர் சார்பில் விமானத்தைப் பிரித்துப் பார்த்துச் சொல்வதுதான் என் தொழில். வருபவர்களில் பாதிப் பேர் நம்மாட்கள்: திருப்பூரிலோ நாமக்கல்லிலோ தொழில், பெங்களூருவில் ஆபீஸ், பிள்ளைகள் படிப்பதும் இங்கேதான். அவர்களுக்கு நான் சொல்லும் வரிசை ஒன்று உண்டு. முதலில் உங்கள் பயணத்தைப் பாருங்கள். அப்புறம் சட்டம், அப்புறம் விமானத்தின் காகிதம், அப்புறம் விமானம். சீட் கடைசி. வரிசையைத் தலைகீழாக்கியவர்கள்தான் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்கிறார்கள்.

டைரியை எடுங்கள்

போன வருடம் நீங்களும் உங்கள் ஆட்களும் எந்தெந்த ஊருக்குப் போனீர்கள், எத்தனை பேர், அன்றே திரும்பினீர்களா என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆசைப்பட்டதை எழுத வேண்டாம், போனதை மட்டும். வருடத்துக்கு இரண்டு தடவை துபாய் போக வேண்டும் என்பதற்காகப் பெரிய ஜெட் வாங்கி, மீதி நாளெல்லாம் அதில் கோயம்புத்தூர் போய் வருகிறவர்கள் உண்டு. அந்த இரண்டு தடவைக்கு ஏர்லைன் டிக்கெட் எடுங்கள், இல்லையென்றால் வாடகைக்கு ஜெட் எடுங்கள்.

தாளில் வந்து விழுவது பெரும்பாலும் கோயம்புத்தூர், மதுரை, சென்னை, ஹைதராபாத் என்றால் ஜெட்டே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பெங்களூருவிலிருந்து கோயம்புத்தூர் நேர்கோட்டில் 230 கிலோமீட்டர்கூட இல்லை. ஜெட் என்ஜின் சிக்கனமாக ஓடுவது 35,000 அடிக்கு மேலே. அவ்வளவு உயரம் ஏறுவதற்குள் இறங்க வேண்டிய ஊர் வந்துவிடும். கீழேயே பறந்தால் எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும். கிங் ஏர், பிசி-12 போன்ற டர்போப்ராப் விமானங்கள் இந்தத் தூரத்தில் ஜெட்டைவிடப் பத்து நிமிடம்தான் பிந்தும். செலவு வெகுவாகக் குறையும். கிங் ஏர் இந்தியாவில் நிறையவே பறக்கிறது. கை வைக்கத் தெரிந்த ஏஎம்இ-களும் அதற்கேற்ப உண்டு. ஆனால் முன்னால் விசிறி சுற்றுவதைப் பார்த்தால் சிலருக்கு முகம் சுருங்கிவிடும். கௌரவத்துக்காக வாங்குவதென்றால் தாராளமாக வாங்குங்கள், அதையும் அந்தத் தாளிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்லி, மும்பை, அகமதாபாத் என்று அடிக்கடி போகிறவருக்கு ஜெட் பொருந்தும். அவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சின்ன ஜெட் ஏர்பஸ்ஸைவிட மெதுவானது. செஸ்னா சைட்டேஷன் மஸ்டாங் மணிக்குச் சுமார் 630 கிலோமீட்டர், எம்ப்ரேயர் ஃபீனம் 100 சுமார் 720, ஹோண்டாஜெட் 780 சொச்சம். டெல்லி 1,700 கிலோமீட்டர் சொச்சம் என்பதால் மஸ்டாங்கில் மூன்று மணி நேரம் ஆகும். நீங்கள் மிச்சம் பிடிப்பது ஆகாயத்தில் இல்லை. செக்-இன் வரிசை, பெட்டிக்காகக் காத்திருப்பது, ஒரே நாளில் இரண்டு ஊர் முடிப்பது, இவற்றில்தான்.

மணிக் கணக்கும் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 200 மணி நேரத்துக்குக் கீழே பறப்பவருக்குச் சொந்த விமானத்தைவிட வாடகையே லாபம் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

எத்தனை பேர், எவ்வளவு எண்ணெய்

விளம்பரத்தில் ஆறு பேர் உட்காரலாம் என்று இருக்கும், 2,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் என்றும் இருக்கும். இரண்டும் உண்மைதான், ஆனால் ஒரே நாளில் இல்லை. நாமக்கல்லைச் சேர்ந்த லாரி முதலாளி ஒருவர் இதை ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார். "ஏனுங்க, டேங்க் ரொப்பிட்டா எத்தனை பேரு ஏறலாமுங்க?"

"பைலட் ரெண்டு பேரை விட்டுட்டா ரெண்டு, மூணு பேர்ணா."

"அப்ப மீதி சீட்டு எதுக்குங்க?"

"பக்கத்து ஊருக்குப் போறதுக்கு."

சிரித்துவிட்டு மேலே பேசினார். லாரியில் ஓவர்லோடு போட்டால் பாதி வழியில் ஆர்டிஓ பிடிப்பார். விமானத்தில் அப்படி ஏற்றினால் பிடிப்பது ரன்வேயின் கடைசி முனை. அதனால் தரகரிடம் கேட்க வேண்டிய முதல் எண், டேங்க் நிறைத்த பிறகு மிஞ்சும் எடை. மஸ்டாங்கில் ஒரே பைலட்டோடு கணக்குப் போட்டால் சுமார் 270 கிலோ வரும். இரண்டாவது பைலட்டும் அவர் பையும் ஏறினால் 200-க்குக் கீழே போய்விடும். இந்த அளவு ஜெட்டுகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே கதைதான். எம்ப்ரேயர் ஃபீனம் 300-க்குப் போனால் நிலைமை மாறும். விலையும் வேறு வகுப்புக்குப் போய்விடும்.

இதில் ஊரின் குணமும் சேர்ந்துகொள்கிறது. பெங்களூரு குளிர்ந்த ஊர் என்று பெயர், ஆனால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல் பிற்பகலில் 35 டிகிரி அடிக்கும்போது காற்று மெலிந்து, விமானத்துக்கு அது 6,000 அடி உயரம்போல் ஆகிவிடும். என்ஜினின் தள்ளுவிசை குறையும், இறக்கை தூக்குவதும் குறையும், ஓட வேண்டிய தூரம் நீளும். பெங்களூருவின் பழைய விமான நிலையமான எச்ஏஎல்-லில் ரன்வே 3,000 மீட்டருக்கு மேல் நீளம், புதிய நிலையமான தேவனஹள்ளியில் 4,000 மீட்டர். ஓடுவதற்கு இடம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் புறப்படும்போது ஒரு என்ஜின் நின்றுபோனாலும் மற்றொன்றால் விதித்த சரிவில் ஏற முடிய வேண்டும். உங்கள் எடையை வெட்டுவது அந்தக் கணக்குதான். அதே விமானம் காலை ஆறு மணிக்கு 20 டிகிரியில் கிளம்பினால் 4,300 அடி உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். விற்பவர் காட்டும் அட்டவணை கடல் மட்டத்துக்கு, 15 டிகிரிக்குப் போட்டதாகத்தான் இருக்கும். "பெங்களூரு, 35 டிகிரி, நாலு பேர், டெல்லி" என்று சொல்லி எழுத்தில் வாங்குங்கள்.

இறங்குவதற்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. சேலம் ரன்வே சுமார் 1,800 மீட்டர். வாடகைக்கு ஓடும் ஜெட், இருக்கும் ரன்வேயில் 60 விழுக்காட்டுக்குள் நிற்க முடிய வேண்டும் என்பது பொதுவான விதி. அதாவது 1,080 மீட்டர். ரன்வே நனைந்திருந்தால் 15 விழுக்காடு கூடுதல் இடைவெளி வேண்டும், ஆக 940 மீட்டருக்குள். மஸ்டாங்கிலும் ஃபீனம் 100-லும் எதிர்விசை கொடுக்கும் ரிவர்ஸர் கிடையாது, பிரேக்கை நம்பித்தான் நிற்க வேண்டும். ஐப்பசி மழையில் ஊருக்குப் போகும் எண்ணம் இருந்தால் முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். பெங்களூருவுக்குள்ளேயே இருக்கும் ஜக்கூரில் இறக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வீட்டுக்குப் பக்கம்தான், ஆனால் அது பயிற்சி விமானங்களுக்கான குட்டி ரன்வே. ஜெட்டை மறந்துவிடுங்கள்.

எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்பதையும் வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். எச்ஏஎல் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. 2008-இல் ஏர்லைன்கள் தேவனஹள்ளிக்குப் போன பிறகு தனியார் ஜெட்டுகளுக்கு வசதியான இடம் அதுதான். ஆனால் அங்கே முதல் உரிமை சோதனை ஓட்டங்களுக்கு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிப்ரவரியில் எலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும்போது நகரத்தின் வான்வெளியையே மணிக்கணக்கில் மூடிவிடுவார்கள். மும்பையில் நெரிசல் நேரத்தில் தனியார் ஜெட்டுக்குக் கட்டுப்பாடு உண்டு, நிறுத்த இடமும் அரிது. உங்களை இறக்கிவிட்டு விமானம் வேறு ஊருக்குப் போய் நின்றுவிட்டு, மாலையில் காலியாகத் திரும்பி வரும். அந்தக் காலிப் பயணத்துக்கான எண்ணெயும் உங்கள் கணக்கில்தான்.

தனிப்பயனா, வாடகையா

விமானத்தை உங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வதா, அல்லது என்எஸ்ஓபி எனப்படும் அட்டவணை சாராத இயக்க உரிமம் எடுத்து வாடகைக்கும் விடுவதா? வரி இதைப் பொறுத்துத் தலைகீழாக மாறும். தனிப்பயன்பாட்டு விமானத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 விழுக்காடு, மற்றதற்கு 5. 25 கோடி ரூபாய்க்கு ஒரு பழைய ஜெட்டை இறக்குமதி செய்தால் தனிப்பயனில் வரியே 10 கோடி. சுங்கம் தனி.

கேட்டவுடன் எல்லோரும் "அப்ப என்எஸ்ஓபி போட்டுடலாம்" என்பார்கள். போடலாம், ஆனால் அது பெயர்ப்பலகை மாட்டும் வேலை இல்லை. இயக்கத்துக்கு ஒருவர், பாதுகாப்புக்கு ஒருவர், பராமரிப்பைக் கண்காணிக்கக் கேமோ என்ற அமைப்பு, கையேடுகள், இயக்குநர்களுக்கு உள்துறை அனுமதி, அப்புறம் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ-வின் தணிக்கை. உரிமம் எடுத்துவிட்டு முதலாளி குடும்பம் மட்டும் பறந்தால் சுங்கத் துறை வந்து கேட்கும். அப்படிப்பட்ட வழக்குகள் தீர்ப்பாயங்களில் வருடக்கணக்கில் இழுத்திருக்கின்றன. உண்மையிலேயே வாடகைக்கு விடுவதானால் மட்டும் இந்த வழியில் போங்கள். தனிப்பயன் பதிவில் இருக்கும் விமானத்தில் நண்பரை ஏற்றிக்கொண்டு எண்ணெய்க் காசு வாங்குவதும் வாடகைதான். விபத்து என்று ஒன்று நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் தோண்டுவது அதைத்தான். உள்ளீட்டு வரியும் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது; பயணிகளை ஏற்றும் தொழில், பறக்கக் கற்றுக்கொடுக்கும் தொழில் போன்றவற்றுக்குத்தான் விலக்கு. இதற்கு உங்கள் வழக்கமான ஆடிட்டர் போதாது, விமான வரி தெரிந்தவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

இந்தியாவிலேயே பதிவான விமானத்தை வாங்கினால் இறக்குமதித் தலைவலி இல்லை என்று நினைக்க வேண்டாம். அது நாட்டுக்குள் வந்தபோது சலுகை வரியில் வந்ததா, பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வாடகைக்கு என்று சொல்லிக் கொண்டுவந்ததைத் தனிப்பயனுக்கு மாற்றினால் விட்டுப்போன வரி எழுந்து வரும். இறக்குமதியின்போது சுங்கத்தில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரியின் நகல் இல்லாமல் மேலே பேசவே வேண்டாம்.

வெளிநாட்டு விமானமானால் அந்த மாடலின் வகைச் சான்றை டிஜிசிஏ ஏற்றிருக்கிறதா, இறக்குமதி வயது வரம்புக்குள் இருக்கிறதா, ககன் என்ற செயற்கைக்கோள் வழிகாட்டுதலுக்கான கருவி உண்டா, இந்த மூன்றையும் கேளுங்கள். ஏற்காத மாடல் என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். முதல் ஆளாக அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள உங்களுக்கு நேரம் கிடையாது.

லாக்புக் படிக்கும் முறை

எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். விமானத்தைப் பார்க்கக் கிளம்பும் முன் லாக்புக்குகள் எனப்படும் பராமரிப்புப் பதிவேடுகளின் ஸ்கேனைக் கேட்டு வாங்குவேன். முதல் நாள் தொடங்கி இன்றுவரை ஒரு பக்கம் விடாமல். நடுவில் ஒரு புத்தகம் தொலைந்துவிட்டது என்றால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிடலாம். பின்னாளில் நீங்கள் விற்கப் போகும்போது வருபவரும் அதே கேள்வியைத்தான் கேட்பார்.

படிக்கும்போது எழுத்தைப் பார்ப்பேன். பராமரிப்புப் பதிவு என்பது வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆள், வெவ்வேறு பேனாவில், சில பக்கம் கிரீஸ் கறையோடு இருக்கும். ஒரு புத்தகத்தில் பதினான்கு மாதப் பதிவுகள் ஒரே நீல மையில், ஒரே சாய்வில், கையெழுத்துகூட நடுங்காமல் வரிசையாக இருந்தன. ஒரே மாலையில் உட்கார்ந்து எழுதியது. அந்த விமானத்தைப் பார்க்க நான் போகவே இல்லை. இப்போது பல இடங்களில் கணினிப் பதிவு வந்துவிட்டது; அதில் பாகங்களின் வரிசை எண்ணை விமானத்தில் இருக்கும் தகட்டோடு ஒப்பிட்டால் போதும், கதை வெளியே வந்துவிடும்.

என்ஜின் பக்கத்துக்கு நேரம் கொடுங்கள். மஸ்டாங், ஃபீனம் 100 வகை என்ஜின்களுக்கு 3,500 மணி நேரத்தில் ஓவர்ஹால், அதாவது முழுசாகப் பிரித்துப் புதுப்பிப்பது. ஃபீனம் 300-க்கு 5,000. நடுவில் ஒருமுறை உள்ளே வெப்பப் பகுதியைத் திறந்து பார்ப்பார்கள். 3,200 மணி நேரம் ஓடிய ஒன்றை மலிவு என்று வாங்கினால் அடுத்த வருடமே இரண்டு என்ஜினுக்கும் சேர்த்து விமான விலையில் கணிசமான பங்கைக் கட்ட வேண்டியிருக்கும். இதற்காகத்தான் மணிக்கு இவ்வளவு என்று கட்டி வரும் திட்டங்கள் உண்டு. பிராட் அண்ட் விட்னி கனடா என்ஜினுக்கு ஈஎஸ்பி, வில்லியம்ஸ் என்ஜினுக்கு டாப், எந்த என்ஜினுக்கும் பொருந்தும் ஜேஎஸ்எஸ்ஐ. விற்பவர் "புரோகிராம்ல இருக்கு" என்பார். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: பாக்கி இல்லாமல் கட்டியிருக்கிறாரா, புது உரிமையாளர் பெயருக்கு மாறுமா, மாற்றக் கட்டணம் யாருடையது? பதிலை அந்த நிறுவனத்திடமிருந்தே கடிதமாக வாங்குங்கள்.

குறைந்த மணி நேரம் ஓடியது என்று மயங்க வேண்டாம். பத்து வருடத்தில் 600 மணி நேரமே பறந்த விமானம் பெரும்பாலான நாள் நின்றுகொண்டிருந்தது என்று அர்த்தம். ரப்பர் சீல் காய்ந்திருக்கும், டேங்கில் ஈரம் தங்கியிருக்கும். எங்கே நின்றது என்பதும் முக்கியம். அரிசோனாவின் வறண்ட காற்றில் நின்றதற்கும் புளோரிடா கடற்கரையில் நின்றதற்கும் அலுமினியத்தில் வித்தியாசம் தெரியும். சென்னையில் நிறுத்தப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

தயாரித்த நிறுவனத்தின் நிலையையும் பாருங்கள். எக்லிப்ஸ் 500 என்ற குட்டி ஜெட் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். நல்ல வடிவமைப்புதான். ஆனால் அந்த நிறுவனம் 2008-இல் திவாலானது, கைமாறி வந்த வாரிசு நிறுவனமும் 2018-இல் திவாலானது. உதிரிப் பாகத்துக்கு யார் வாசலில் போய் நிற்பீர்கள்?

பிரித்துப் பார்ப்பது

வாங்கும் முன் செய்யும் சோதனையை, இதுவரை அந்த விமானத்தைப் பராமரித்த கடையில் செய்ய விடாதீர்கள். அதே மாடலைத் தினமும் பார்க்கும் வேறு கடைக்குக் கொண்டுபோங்கள். போகும் செலவு உங்களுடையது, கண்டுபிடிக்கும் குறையைச் சரி செய்யும் செலவு விற்பவருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

ஹேங்கருக்குள் போனதும் நான் முதலில் பார்ப்பது திருகாணிகளை. இறக்கைக்கு அடியில் உள்ள மூடிகள் போன வருடம் திறந்து சோதிக்கப்பட்டன என்று லாக்புக் சொல்லும். திறந்திருந்தால் திருகாணித் தலையில் பெயின்ட் உரிந்திருக்கும், கீறல் இருக்கும். தலையும் தகடும் சேர்ந்து ஒரே பெயின்ட் பூச்சில் முழுசாக இருந்தால் யாரும் அதைத் தொடவில்லை. அப்புறம் கழிப்பறைத் தரைவிரிப்பைத் தூக்கச் சொல்வேன். அந்த நீலத் திரவம் சிந்திச் சிந்தி அடியில் உள்ள அலுமினியத்தை அரித்திருக்கும். மேலே பார்த்தால் வாசனைத் திரவியம் மணக்கும். சக்கரக் குழிக்குள் டார்ச் அடித்து ஹைட்ராலிக் கசிவு, முன் கண்ணாடியின் ஓரத்தில் பிரிந்துவரும் வெண்மை, கதவுச் சீல். என்ஜினுக்குள் போரோஸ்கோப் என்ற குழாய்க் கேமராவை விட்டு ஒவ்வொரு பிளேடாகச் சுற்றிப் பார்ப்பது அரை நாள் வேலை. வாங்குபவர் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தால் நல்லது. அரிசி மணி அளவு பள்ளம் ஒன்றைப் பார்த்த பிறகு அவரே விலை பேசுவார்.

பறந்து பார்க்கும்போது உச்ச உயரத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். கேபின் அழுத்தத்தில் குறை இருந்தால் அங்கேதான் வெளிப்படும். இறங்கிய பிறகு வெயிலில் அரை மணி நேரம் ஏசி போட்டு நிறுத்துங்கள். சென்னையில் மே மாதம் புறப்படும் முறைக்குக் காத்திருக்கும் நாளில் அந்த அரை மணி நேரத்தின் அருமை தெரியும்.

இப்போது சீட்டில் உட்காரலாம். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வந்து உட்கார வையுங்கள். மஸ்டாங்கின் உள்ளே உயரம் நாலரை அடி, ஃபீனம் 100-லும் ஹோண்டாஜெட்டிலும் ஐந்து அடிக்குக் கொஞ்சம் குறைவு. காரைக்குடிக்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்ததும், "எங்க ஆத்தாவுக்கு முட்டி மடங்காது, குனிஞ்சு போகவும் முடியாதே" என்றார். அவருடைய பட்டியலில் முக்கால்வாசிப் பயணம் ஆத்தாவோடுதான். இந்த அளவு விமானங்களில் கழிப்பறை என்பது பல நேரம் ஒரு திரைக்குப் பின்னால் இருக்கும் அவசர ஏற்பாடு மட்டும். மூன்று மணி நேரப் பயணத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பணமும் பயணமும்

பணத்தை விற்பவர் கணக்கில் நேரடியாகப் போடக் கூடாது. எஸ்க்ரோ மூலம்தான், அதாவது விமானம் கைமாறும்வரை பணத்தை நடுவில் ஒரு நிறுவனம் வைத்திருக்கும். அமெரிக்க விமானமென்றால் பெரும்பாலும் ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் நிறுவனங்கள் இதைச் செய்யும். அந்த நாட்டு விமானப் பதிவேடு அங்கேதான் இருக்கிறது. விமானத்தின் மீது கடன் இருக்கிறதா என்று அந்தப் பதிவேட்டிலும், கேப் டவுன் உடன்படிக்கையின் கீழ் உள்ள சர்வதேசப் பதிவேட்டிலும் தேடச் சொல்லுங்கள். விமானத்துக்கு ஒன்று, ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒன்று. என்ஜினை மட்டும் தனியாக அடகு வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் வங்கியிடம் முன்கூட்டியே பேசுங்கள். வெளிநாட்டுக்குப் போகும் பெரிய தொகைக்கு அவர்கள் கேட்கும் காகிதங்களுக்கே வாரங்கள் ஆகும்.

அங்கிருந்து சின்ன ஜெட் ஒரே மூச்சில் வராது. கனடா, கிரீன்லாந்து அல்லது ஐஸ்லாந்து, ஸ்காட்லாந்து, ஐரோப்பா, எகிப்து, வளைகுடா என்று தத்தித் தத்தித்தான் வரும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கட்டணம், அனுமதி, வானிலை. இதற்கென்றே பழகிய பைலட்டுகள் உண்டு. உங்கள் புதுப் பைலட்டை வைத்து அட்லாண்டிக்கைக் கடக்க முயல வேண்டாம்.

ஓட்டுபவர்கள்

ஒரே பைலட் ஓட்டலாம் என்று சான்று பெற்ற ஜெட்டாக இருந்தாலும் இரண்டு பேரை வையுங்கள். ஜூலையில் மேகம் சூழ்ந்த மும்பையில் ஒருவர் ரேடியோவும் ரேடாரும் பார்த்துக்கொண்டு இன்னொருவர் ஓட்டுவதுதான் முறை. பருவமழை மேகங்கள் 45,000 அடிக்கு மேலேயும் எழும். 41,000 அடி உச்சவரம்புள்ள ஜெட் சுற்றித்தான் போக வேண்டும்.

அந்த மாடலுக்கென்று தனிச் சான்று, டைப் ரேட்டிங், வேண்டும். சின்ன ஜெட்டின் சிமுலேட்டருக்காக பைலட்டுகள் அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ போய் வர வேண்டியிருக்கும். விசா, விமானச் சீட்டு, தங்கும் செலவு எல்லாம் வருடாவருடம் வரும். நீங்கள் செலவு செய்து பயிற்சி கொடுத்த பிறகு ஏர்லைன் அவரைக் கொத்திக்கொண்டு போகும். ஒப்பந்தத்தில் காலம் போடுங்கள்; அதைவிட முக்கியம், இரவு பதினோரு மணிக்குப் போன் செய்து "காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பணும்" என்று சொல்லாதீர்கள். பறக்கும் நேரத்துக்கும் ஓய்வுக்கும் சட்டம் இருக்கிறது. பைலட் "இன்னைக்கு வேண்டாம் சார்" என்றால் காரணம் கேட்காமல் காரில் ஏறுங்கள். அவரோடு வாதாடும் முதலாளிக்கு நான் வேலை செய்வதில்லை.

பராமரிப்புக்கு, அந்த மாடலுக்கு அங்கீகாரம் பெற்ற கடை பக்கத்தில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். நமக்குப் பக்கத்தில் ஓசூரில் பராமரிப்புக் கடை இருப்பது பெரிய வசதி, ஆனால் உங்கள் மாடலுக்கு அவர்களிடம் அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். வெயிலில் நிறுத்தி வைத்தால், வேகத்தை அளக்கக் காற்றை வாங்கும் பிட்டோ குழாய்க்கு உறை போட மறக்கக் கூடாது. இரண்டே நாளில் குளவி உள்ளே மண்கூடு கட்டிவிடும். வேகம் காட்டும் கருவி பொய் சொல்லத் தொடங்கும்.

பதிவெண்ணில் விடி என்பதற்குப் பிறகு வரும் மூன்று எழுத்தைக் கேட்டு வாங்கலாம். குலதெய்வத்தின் பெயர், நியூமராலஜி எதுவானாலும் உங்கள் இஷ்டம், எனக்கு ஆட்சேபம் இல்லை. பூஜையும் போடுங்கள். சந்தனம், குங்குமம் மூக்கில் வைக்கலாம், ஆனால் சென்சார்களின் மேல் கூடாது. கற்பூரம் ஹேங்கருக்கு வெளியே, எண்ணெய் வண்டி நிற்காத பக்கம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதானால் இழுவை வண்டியால் தள்ளி நசுக்கிக்கொள்ளலாம். தேங்காயை ஐம்பது அடி தள்ளி உடையுங்கள். சில்லு ஒன்று என்ஜினுக்குள் போனால் ஒரு வரிசை பிளேடு போய்விடும். உடைத்த இடத்தைப் பெருக்கி, நான் ஒருமுறை நடந்து பார்த்த பிறகுதான் சாவி பைலட் கைக்குப் போகும்.